மறுமொழி: ட்ரேஸ் ஃபொசில் – உயிர்ச்சுவட்டுக்குள் இன்னொரு சுவடா?

கல்லடி:
பாசிக்குடாக் கடற்கரைக்கு விடுமுறையில் வருவோருக்கான உயிர்ச்சுவடு தேடல் கையேடு திங்கள் அச்சுக்குப் போகிறது. ஒரு சொல் மட்டும் இடறுகிறது. எலும்போ ஓடோ இல்லாமல் காலடி, வளை, ஊர்ந்த தடம் மட்டும் கல்லாகியிருந்தால் ட்ரேஸ் ஃபொசில். நம் பாடநூலில் ஃபொசிலே உயிர்ச்சுவடு. 'சுவட்டு உயிர்ச்சுவடு' என்று அச்சடிக்கவா?

அக்கரைப்பற்று:
தடச்சுவடு.

கல்முனை:
தடமும் சுவடும் ஒன்றுதானே ஐயா? கூறியது கூறல்.

அக்கரைப்பற்று:
தம்பி, ஒருபொருட் பன்மொழியை நன்னூலார் வழுவென்று தள்ளவில்லை. 'மீ', 'மிசை' இரண்டும் மேல் என்பதே; 'மீமிசை ஞாயிறு' செல்லுமென்றால் இதுவும் செல்லும். சிக்கல், உயிர்ச்சுவடு என்ற சொல்லிலேயே இருக்கிறது. லத்தீன் வேருக்குத் 'தோண்டியெடுத்தது' என்றுதான் பொருள். உயிர் அதில் இல்லை. ஜெர்மன் கனிமவியலாளர் அக்ரிகோலா 1546இல் எழுதிய ஃபொசில் நூல் பெரும்பாலும் கனிமங்களைப் பற்றியதுதான். தமிழ்நாட்டாரின் 'புதைபடிவம்' வேருக்குக் கிட்ட நிற்கிறது.

கல்முனை:
அப்படியானால் அளைச்சுவடு. நெய்தல் பாட்டுகளில் அலவன், அதாவது நண்டு, குடியிருக்கும் வளை அளைதான்.

வாழைச்சேனை:
அளை என்றால் தயிரும்தான். மட்டக்களப்பில் அச்சடித்தால் தயிர்ச்சட்டியில் ஒட்டிய தடம் என்பார்கள். டைனோசர் காலடியும் அளையா?

கல்முனை:
சரி, செயற்சுவடு.

வாழைச்சேனை:
செயற்கைச் சுவடு என்று வாசிப்பார்கள்.

காத்தான்குடி:
சொல் இருக்கட்டும், கையேட்டைத் திருத்துங்கள். நம் கரையோரத்து அடிப்பாறை விஜயன் தொகுதி, வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருமாறிய பாறை. அதில் உயிர்ச்சுவடு தேடிப் பயனில்லை. கரையில் பொறுக்குவது இன்றைய சிப்பியும் முருகைக்கல்லும். உயிர்ச்சுவடுள்ள, மயோசீன் என்ற பழைய புவிக்காலத்துச் சுண்ணக்கல்லுக்கு யாழ்ப்பாணம் அல்லது புத்தளத்து அருவக்காலு. அதே கல் உள்ள மினிஹாகல்கந்த யால பூங்காவுக்குள், பார்க்கலாம், எடுக்கலாகாது. வினாகிரி விட்டு நுரைத்தால் உயிர்ச்சுவடு என்ற சோதனையையும் வெட்டுங்கள். பழைய சுண்ணக்கல்லும் நுரைக்கும், நேற்றுச் செத்த சிப்பியும் நுரைக்கும்.

தடம் பார்க்க வெயில் சாய்ந்திருக்க வேண்டும். உச்சிவெயிலில் நிழல் விழாது, பள்ளம் மறைந்துவிடும். பக்கத்தில் அடிமட்டம் வைத்து நேர் மேலிருந்து படமெடுக்கவும். சாய்த்து எடுத்தால் அளவு பிசகும். பாறையில் வளை இருந்தால் எது மேற்பக்கம் என்று அம்புக்குறி கட்டாயம்.

பாசிக்குடாவில் காட்ட நண்டு வளை போதும். வளையின் வடிவத்தை வார்ப்பாக எடுக்க, நண்டு விட்டுப்போன வளையில் பிளாஸ்டர் இரண்டு பங்கு, தண்ணீர் ஒரு பங்கு கரைத்து ஊற்றலாம். நல்ல தண்ணீரே வேண்டும். கடல்நீரின் உப்பு பிளாஸ்டரைச் சீக்கிரம் இறுக்கும். அடிக்குப் போகுமுன் வாயிலேயே கட்டிவிடும்.

கல்லடி:
திருத்திவிட்டேன். 'தடச்சுவடு' என்றே போடுகிறேன், முதல் தரம் மட்டும் ட்ரேஸ் ஃபொசில் என்பதையும் சேர்த்து. மூன்று பேர் சம்மதம்.

கல்முனை:
எதிர்ப்பைப் பதிந்துகொள்ளுங்கள். அது போக, எலும்பும் ஓடும் இனி 'உடற்சுவடு' ஆகவேண்டுமே?

கல்லடி:
திங்கள் கழியட்டும் தம்பி.