துரு பிடித்து இறுகிய மேசி என்ஜினைக் கையால் பிரித்த அனுபவம்

அப்பா தவறியபிறகு எங்கள் மேசி 1035 டிராக்டர் ஆறு வருஷம் புளியமரத்தடியிலேயே நின்றது. சேரன்மகாதேவி பக்கம் எங்கள் ஊர், கன்னடியன் கால்வாய்ப் பாசனம். இந்தப் பிசான நெல் சாகுபடிக்கு நம்ம வண்டியையே இறக்கணும் என்று எனக்கு ஒரு வைராக்கியம். ஆனால் என்ஜினோடு சேர்ந்து சுற்றும் கிராங்கு புல்லியில் ஸ்பானர் போட்டுத் தொங்கினாலும் என்ஜின் அசையவில்லை.

பக்கத்து ஊர் மெக்கானிக் அண்ணாச்சி வந்து பார்த்ததும் சைலன்சரைத்தான் காட்டினார். மூடி இல்லை. ஐப்பசி, கார்த்திகை மழையெல்லாம் அதன் வழியாகவே இறங்கியிருக்கிறது. வண்டி நின்றபோது எந்த சிலிண்டரில் புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் வால்வு திறந்திருந்ததோ அதில்தான் தண்ணீர் தேங்கும் என்றார். சிலிண்டர்களை மூடியிருக்கும் ஹெட்டைத் தூக்கியபோது அப்படியேதான் இருந்தது. ஒன்றும் மூன்றும் கரி படிந்து சும்மா இருக்க, இரண்டாவதில் மட்டும் செம்மண் பூசினாற்போல் துரு.

ஹெட் நட்டுகளை ஓரத்திலிருந்து நடுவை நோக்கி, கால் திருகு கால் திருகாகத்தான் தளர்த்த விட்டார். ஒரே மூச்சில் கழற்றினால் ஹெட் கோணிவிடுமாம். வால்வைத் திறக்கத் தள்ளும் கம்பிகளான ஆறு புஷ் ராடையும் அட்டைப்பெட்டியில் துளை போட்டு வரிசையாகக் குத்தி வைத்தோம். நட்டு, வாஷருக்கெல்லாம் ஆச்சி சிரட்டை எடுத்துக் கொடுத்தார்கள். எது எந்தச் சிரட்டை என்று சாக்பீஸால் எழுதிவிட்டேன்.

பிஸ்டன்தான் பெரிய பாடு. பாதி வழியில் சிக்கி நின்றது. அதற்கு மேலே, சிலிண்டரின் உள்உறையான லைனரில் இருந்த துருவை உப்புத்தாளால் தேய்த்து எடுத்துவிட்டு, டீசலும் சீமெண்ணெயும் கலந்து ஊற்றி மூன்று நாள் ஊறவிட்டோம். பிறகு சிலிண்டர் வாய்க்குள் போகிற அளவில் வேப்பங்கட்டை ஒன்றைச் செதுக்கி, பிஸ்டன் தலையில் வைத்துத் தட்டினேன். நான் வேகமாகத் தட்டினால் அண்ணாச்சி கையைப் பிடித்துக்கொள்வார். "எய்யா, உடைக்கவா வந்தோம்? மெதுவாத் தட்டுங்க, அதுவா விடும்." நாலாம் நாள் சாயந்தரம் அடியின் சத்தம் மாறியது. அதுவரை டொக்கென்று கேட்டது, அப்போது கொஞ்சம் அமுங்கிக் கேட்டது. விரல் வைத்துப் பார்த்தேன், நூலளவு இறங்கியிருந்தது. அப்பாவே ஸ்டியரிங்கில் உட்கார்ந்திருப்பது போல இருந்தது எனக்கு.

இந்த வண்டிக்குத் தனியாக சேஸிஸ் என்கிற அடிச்சட்டம் கிடையாது, என்ஜினும் கியர்பாக்ஸுமே முதுகெலும்பு. அதனால் இரண்டு பக்கமும் பனந்துண்டு முட்டுக் கொடுத்து ஜாக்கி வைத்த பிறகுதான் நடுவில் பிரித்தோம். தனியாள் இதில் இறங்கவே கூடாது. பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் கன்ராடின் கேப்பைக் கழற்றும் முன் ராடிலும் கேப்பிலும் ஒன்று, இரண்டு, மூன்று என்று பஞ்ச் உளியால் புள்ளி குத்திக்கொண்டோம். ஒன்றின் கேப் இன்னொன்றுக்குச் சேராது.

லைனரைக் கையால் எடுக்க நாங்கள் முயலவில்லை. அதைப் பிரஸ்ஸில் வைத்துத்தான் தள்ளணும், சிலிண்டர்கள் உள்ள பிளாக்கை லேத் பட்டறைக்கு அனுப்பியாயிற்று. சிரட்டைகள் திண்ணையில் வரிசை கலையாமல் இருக்கின்றன. ஆச்சி அந்தப் பக்கம் கோழியைக்கூட விடுவதில்லை.