உபுண்டு 24.04: பைத்தான் வெர்ஷன மாத்துனேன், இப்ப டெர்மினலே ஓபன் ஆகல

சும்மா_சூடோ:

எல்லாருக்கும் வணக்கம். மொபைல்ல இருந்து அடிக்கிறேன், லேப்டாப்ல டெர்மினல் ஓபன் ஆக மாட்டேங்குது, அதான் மேட்டரே. கீபோர்டு தமிழ்ல இருக்கு, ஒவ்வொரு வார்த்தைக்கும் மாத்தி மாத்தி அடிக்க பொறுமை இல்ல, அதனால கமாண்டும் தமிழ்லயே வரும், திட்டாதீங்க.

ஆபீஸ்ல பழைய ப்ராஜெக்ட் ஒண்ண என் தலையில கட்டிட்டாங்க. நோட்.ஜேஎஸ் (ஜாவாஸ்கிரிப்ட ஓட்டுறது) 16ல ஓடுறது, உள்ளுக்குள்ள எப்பவோ வேலைய விட்டுப்போன யாரோ எழுதுன சி++ ஆட்ஆன் ஒண்ணு இருக்கு. என்விஎம்ங்குற வெர்ஷன் மேனேஜர் வச்சு நோட் 16 இறக்குனேன், அதுவரைக்கும் சமத்தா போச்சு. பேக்கேஜ் இறக்க என்பிஎம் இன்ஸ்டால் அடிச்சா, அந்த ஆட்ஆன கம்பைல் பண்ற நோட்-ஜிப்ங்குற டூல் (அதுக்கு பைத்தான் வேணும்) மல்லாந்துடுது. எரர்ல ஜிப்போட இன்புட்.பிஒய்னு ஒரு ஃபைல் பேரு வருது, கடைசி லைன்ல டிஸ்ட்யூடில்ஸ்னு ஒரு பைத்தான் மாட்யூலே இல்லங்குது. தேடிப் பாத்தா உபுண்டு 24.04ல இருக்குற பைத்தான் 3.12ல அத தூக்கிட்டாங்களாம், 3.11 போட்டா சரியாயிடும்னு ஒரு வீடியோவுல சொன்னாங்க. சரின்னு வேற பைத்தான் வெர்ஷன் தர்ற டெட்ஸ்நேக்ஸ் பிபிஏங்குற வெளி பேக்கேஜ் கிடங்க சேத்து 3.11 போட்டு, எந்த வெர்ஷன் ஓடணும்னு லிங்க் மாத்துற அப்டேட்-ஆல்டர்நேட்டிவ்ஸ் வச்சு பைத்தான்3ங்குறத 3.11க்கு திருப்பி விட்டேன்.

இதுல கொடுமை என்னன்னா இவ்ளோ பண்ணியும் அதே டிஸ்ட்யூடில்ஸ் எரர்தான். ராத்திரி சூடோ ஆப்ட் அப்டேட் அடிச்சப்ப கடைசில ஏபிடி_பிகேஜி மாட்யூல் இல்லன்னு வேற ஏதோ வந்துச்சு, தூக்கக் கலக்கத்துல கண்டுக்கல. காலைல டெர்மினல் ஐகான க்ளிக் பண்ணா ஒரு செகண்ட் சுத்துது, அப்புறம் சத்தமே இல்ல. நாளைக்கு டெமோ. ஃபார்மேட்தான் பண்ணணுமா? ஒரே மெஷின்ல ரெண்டு மூணு வெர்ஷன் வச்சுக்கிட்டு நீங்கல்லாம் எப்படிதான் கம்பைல் பண்றீங்க?

கர்னல்_காத்தாடி:

ஃபார்மேட்லாம் வேணாம் ப்ரோ, அஞ்சு நிமிஷ வேலை. மொதல்ல டீ குடிங்க.

கண்ட்ரோல் ஆல்ட் எஃப்3 சேத்து அமுக்குங்க, கறுப்பு ஸ்க்ரீன்ல லாகின் கேக்கும், உங்க யூசர்நேம் பாஸ்வேர்டு குடுங்க. விஎஸ் கோட் வச்சிருந்தா அதுக்குள்ள இருக்குற டெர்மினலும் ஓபன் ஆகும், அடி வாங்குனது க்னோம் டெர்மினல்தான். உள்ள போய் ரெண்டு லைன்:

சூடோ அப்டேட்-ஆல்டர்நேட்டிவ்ஸ் --ரிமூவ்-ஆல் பைத்தான்3
சூடோ எல்என் -எஸ்எஃப் பைத்தான்3.12 /யூஎஸ்ஆர்/பின்/பைத்தான்3

மொத லைனோட நிறுத்திடாதீங்க. அது ஆல்டர்நேட்டிவ்ஸ் போட்ட லிங்க்கையும் சேத்து தூக்கிடும், அப்புறம் பைத்தான்3ங்குற பேர்ல ஒண்ணுமே இருக்காது, ஆப்ட்ல ஏதாவது பேக்கேஜ் போடப் போனா பாதில நிக்கும். ரெண்டாவது லைன் அடிச்சுட்டு பைத்தான்3 --வெர்ஷன் பாருங்க, 3.12ன்னு வந்தா கண்ட்ரோல் ஆல்ட் எஃப்2 அமுக்கி பழையபடி டெஸ்க்டாப்புக்கு வந்துடலாம்.

ஏன் இப்படி ஆச்சுன்னா, உபுண்டுல /யூஎஸ்ஆர்/பின்ல இருக்குற க்னோம்-டெர்மினலே ஒரு சின்ன பைத்தான் ஸ்க்ரிப்ட்தான். எடிட்டர்ல ஓபன் பண்ணிப் பாருங்க, மொத லைன்லயே /யூஎஸ்ஆர்/பின்/பைத்தான்3ன்னு இருக்கும். அது ஜிஐங்குற மாட்யூல கூப்பிடும், அந்த மாட்யூலோட ஒரு பாகம் சி மொழியில எழுதி கம்பைல் பண்ணது, ஃபைல் பேர்லயே சிபைத்தான்-312ன்னு முத்திரை குத்தியிருக்கும். நீங்க 3.11 குடுத்தா அது 311ன்னு முத்திரை உள்ள ஃபைலத் தேடும், கெடைக்காது, செத்துப்போகும். ஏபிடி_பிகேஜி கதையும் அச்சு அசலா இதேதான். ஆப்ட் என்னவோ சி++ல எழுதுனது, அதுக்கு பைத்தான் தேவையில்ல, ஆனா அப்டேட் முடியுறப்ப "கமாண்ட் நாட் ஃபவுண்ட்" லிஸ்ட்ட புதுப்பிக்கிற ஒரு குட்டி ஸ்க்ரிப்ட் ஓடும், அது பைத்தான். ராத்திரி அழுதது அதுதான்.

3.11 போட்டும் டிஸ்ட்யூடில்ஸ் ஏன் வரலன்னு கேட்டீங்கல்ல, டெட்ஸ்நேக்ஸ்ல அது தனி பேக்கேஜ், பைத்தான்3.11-டிஸ்ட்யூடில்ஸ்னு இன்னொண்ணு போடணும். அந்த வீடியோக்காரர் அத சொல்ல மறந்துட்டார் போல. ஆனா அதுக்காக மறுபடி ஆல்டர்நேட்டிவ்ஸ் பக்கம் போயிடாதீங்க, சாமி சத்தியமா.

சும்மா_சூடோ:

அண்ணா கால குடுங்க, டெர்மினல் வந்துடுச்சு!! நீங்க சொல்லியும் மொத லைன் அடிச்சுட்டு வெர்ஷன் பாத்தேன், பைத்தான்3ன்னு ஒண்ணு இல்லவே இல்லன்னுச்சு, ஒரு நிமிஷம் உசுரே போச்சு. அப்புறம்தான் கீழ படிச்சேன்.

சரி இப்ப பழைய எடத்துக்கே வந்து நிக்கிறேன். கம்பைல் எப்படி பண்றது?

வடமராட்சியான்:

தம்பி, காத்தாடி அண்ணை சொன்னது சரி, சிஸ்டம் பைத்தான்ல கை வைக்காதேங்கோ. என்னைக் கேட்டா உங்களுக்கு 3.11 தேவையே இல்லை. டிஸ்ட்யூடில்ஸ் போகப்போகுது எண்டு 3.10 லயே எச்சரிக்கை குடுத்து, 2023 ஒக்டோபர்ல வந்த 3.12 ல எடுத்துப்போட்டாங்கள். ஆனா செட்அப்டூல்ஸ் எண்ட பைத்தான் பேக்கேஜ் தன்ர வயித்துக்குள்ள அதின்ர பிரதி ஒண்டை வச்சிருக்குது, அதைப் போட்டீங்கள் எண்டா டிஸ்ட்யூடில்ஸ் கேக்கிற ஆக்களுக்கு அது எடுத்துக் குடுக்கும்.

பைத்தான் பேக்கேஜ் போடுற பிப் இன்ஸ்டாலை வெறுமனே அடிச்சா 24.04 விடாது, இது வெளியால பராமரிக்கிற இடம் எண்டு சொல்லி மறிக்கும். அதை மீற ஒரு ஆப்ஷன் இருக்குது, அதின்ர பேரே பிரேக்-சிஸ்டம்-பேக்கேஜஸ், பேரைப் பாத்தாலே விளங்கும் தானே. அது வேண்டாம், வென்வ் எண்ட தனிப் பைத்தான் சூழல் ஒண்டு போடுங்கோ. ஆப்ட்ல பைத்தான்3-வென்வ் இல்லாட்டி முதல்ல அதைப் போட்டிட்டு:

பைத்தான்3 -எம் வென்வ் ~/ஜிப்பை
~/ஜிப்பை/பின்/பிப் இன்ஸ்டால் செட்அப்டூல்ஸ்
பைத்தான்=~/ஜிப்பை/பின்/பைத்தான் என்பிஎம் இன்ஸ்டால்

கடைசி வரியில முன்னுக்கு இருக்கிற பைத்தான் முழுக்க இங்கிலீஷ் பெரிய எழுத்தில வரவேணும், அது என்விரோன்மென்ட் வேரியபிள். நோட்-ஜிப் அதைத்தான் பாக்கும். அந்த ஒரு கமாண்டுக்கு மட்டும்தான் அந்தப் பைத்தான், அடுத்த வரியில பழையபடி சிஸ்டம் பைத்தான், ஒருத்தருக்கும் கரைச்சல் இல்லை.

இன்னொரு வழி, நோட்-ஜிப்பை 10க்கு ஏத்திறது. அதில 3.12 பிரச்சினையைத் திருத்திப்போட்டாங்கள், நோட் 16.14க்கு மேல எண்டா ஓடும். ஆனா நாளைக்கு டெமோ எண்டுறீங்கள், இண்டைக்கு அதில இறங்கவேண்டாம்.

மேக்ஃபைல்_மாமா:

இந்தக் காலத்து பசங்களுக்கு டெர்மினல்தான் போகுது, எங்க காலத்துல பேக்கேஜ் போடுற யம்மே போயிடும். சென்ட்ஓஎஸ் 7 சர்வர்ல பைத்தான்ங்குற லிங்க்க 3க்கு மாத்தி வச்சுட்டு வீட்டுக்குப் போனவன் நான். அதுல யம் பைத்தான் 2.7ல எழுதுனது. மறுநாள் ஏதோ பேக்கேஜ் போடலாம்னு யம் அடிச்சா எக்செப்ட் கீபோர்ட்இன்டரப்ட் கமா ஈன்னு ஒரு லைனக் காட்டி சின்டாக்ஸ் எரர்ங்குது. அந்த எழுத்துமுறை பைத்தான் 3ல கெடையாது. நெட்ல பாத்து /யூஎஸ்ஆர்/பின்/யம் ஃபைலத் திறந்து மொத லைன பைத்தான்2.7ன்னு மாத்தி ஒப்பேத்துனேன், அப்புறம் பேக்கேஜ் இறக்குற எடத்துல இன்னொரு ஸ்க்ரிப்ட்டும் அதே மாதிரி விழுந்துச்சு, அதையும் மாத்துனேன். லிங்க்க திருப்பி வச்சா முடிஞ்சுதுன்னு அப்ப தோணவே இல்ல, அவ்ளோ பதட்டம்.

வடமராட்சிக்காரர் சொன்ன வழி இந்த கேஸுக்கு போதும். ஆனா நெஜமாவே பழைய வெர்ஷன்தான் வேணும்னு அடம்புடிக்கிற ப்ராஜெக்ட் வரும். நோட்-சாஸ் 4ங்குற பேக்கேஜ் இருந்த ப்ராஜெக்ட் ஒண்ணு என்கிட்ட இருந்துச்சு, அது கூட வர்ற நோட்-ஜிப்புக்கு பைத்தான் 2.7 தவிர எதுவும் ஆகாது, 24.04 ஆப்ட்ல பைத்தான்2வே கெடையாது. அந்த மாதிரி வந்தா நான் பைத்தான் வெர்ஷன்கள தனித்தனியா வச்சுக்குற பைஎன்வ்தான். வீட்டு ஃபோல்டருக்குள்ளயே சோர்ஸ்ல இருந்து கம்பைல் பண்ணி வச்சுக்கும், ப்ராஜெக்ட் ஃபோல்டருக்குள்ள போய் பைஎன்வ் லோக்கல்னு வெர்ஷன சொல்லிட்டா அங்க மட்டும் அது. ஒண்ணே ஒண்ணு, கம்பைல் பண்றதுக்கு முன்னாடி எல்ஐபிஎஸ்எஸ்எல்-டெவ், எல்ஐபிஎஃப்எஃப்ஐ-டெவ், இசட்லிப், ரீட்லைன், எஸ்க்யூலைட்3 இதோட டெவ் பேக்கேஜ் எல்லாம் போட்டுடுங்க. இல்லன்னாலும் பில்டு முடிஞ்ச மாதிரிதான் தெரியும், எஃப்எஃப்ஐ இல்லாம போட்டீங்கன்னா பத்து நாள் கழிச்சு எங்கயோ சிடைப்ஸ் இல்லன்னு வந்து நிக்கும், எங்க போய் முட்டிக்கிறது.

நீங்களே சோர்ஸ் இறக்கி கம்பைல் பண்றதா இருந்தா மேக் இன்ஸ்டால் அடிக்காதீங்க, மேக் ஆல்ட்இன்ஸ்டால் அடிங்க. முன்னது /யூஎஸ்ஆர்/லோக்கல்/பின்ல பைத்தான்3ன்னே ஒண்ண வச்சுடும், பாத்ல அந்த எடம்தான் முன்னாடி வரும். ஆல்ட்இன்ஸ்டால் பைத்தான்3.11ன்னு முழுப் பேரோட மட்டும் வைக்கும், மத்தவன் சோத்துல கை வைக்காது.

சிமேக்ங்குற பில்டு டூல் வச்ச ப்ராஜெக்ட்னா இன்னொரு வம்பு. எத்தன பைத்தான் இருந்தாலும் பல சமயம் இருக்குறதுலயே புதுச எடுத்துக்கும், அத ஒரு தடவ சிமேக்கேஷ்.டிஎக்ஸ்டில எழுதிட்டா அப்புறம் நீங்க வென்வ் மாத்துங்க பாத் மாத்துங்க, அசையாது. நான் ஒரு சாயங்காலம் பூரா இதுல தொலச்சிருக்கேன். பைத்தான்3_எக்சிக்யூட்டபிள்ங்குற வேரியபிள -டி போட்டு முழு பாத்தோட குடுத்துட்டு, பில்டு ஃபோல்டர அப்படியே அழிச்சுட்டு மொதல்ல இருந்து ஓட்டுங்க. நோட்-ஜிப்லயும் பில்டுன்னு ஒரு ஃபோல்டர் இருக்கும், வெர்ஷன் மாத்துனா அதையும் அழிச்சுடுறது நல்லது.

ஜிசிசிங்குற சி/சி++ கம்பைலருக்கும் இதே மருந்துதான், சிஸ்டம்ல இருக்குறத மாத்த வேணாம். சிசி=ஜிசிசி-12 சிஎக்ஸ்எக்ஸ்=ஜி++-12ன்னு அந்த ஒரு பில்டுக்கு முன்னாடி போட்டுக்கலாம், ரெண்டும் சேந்து போகணும், ஒண்ண மட்டும் மாத்தாதீங்க.

கர்னல்_காத்தாடி:

மாமா சொன்னதுக்கு ஒரு சின்ன எதிர்ப்பாட்டு. ஜிசிசிய எப்பவுமே மாத்தக்கூடாதுன்னு இல்ல, சில சமயம் கர்னலே கேக்கும். 22.04ல எச்டபிள்யூஇங்குற புது கர்னல் 6.5 வந்தப்ப, கர்னலுக்கு ஏத்த மாதிரி ட்ரைவர கம்பைல் பண்ற டிகேஎம்எஸ்ல என்விடியா ட்ரைவர் கம்பைல் ஆகாம நெறைய பேருக்கு ஸ்க்ரீன் போச்சு. ஏன்னா அந்த கர்னல ஜிசிசி 12ல கம்பைல் பண்ணியிருந்தாங்க, 22.04ல டிஃபால்ட் 11, ட்ரிவியல்-ஆட்டோ-வர்-இனிட்னு ஒரு ஆப்ஷன் 11க்கு தெரியாது. ஜிசிசி-12 போட்டாதான் சரியாச்சு.

பைஎன்வ் நல்லதுதான், ஆனா இப்பல்லாம் நான் யூவிங்குற டூல்தான். 3.11 வேணும்னா யூவி பைத்தான் இன்ஸ்டால் 3.11, அவ்ளோதான், ஏற்கனவே கம்பைல் பண்ணி வச்சத இறக்கிக் குடுத்துடும், டெவ் பேக்கேஜ் தேடி அலைய வேணாம். 2.7 மட்டும் அதுல கெடைக்காது, அதுக்கு மாமா வழிதான்.

தூக்கமில்லா_டெவ்:

எல்லாரும் லேப்டாப்ல கம்பைல் ஆகுறத பத்தியே பேசுறீங்க, சர்வர்ல என்ன ஓஎஸ் ப்ரோ?

சும்மா_சூடோ:

சர்வர் உபுண்டு 20.04. கம்பைல் ஆனதும் பேக்கேஜ் எல்லாம் இருக்குற நோட்_மாட்யூல்ஸ் ஃபோல்டர அப்படியே ஒரே ஃபைலா சுருக்கி ஏத்தலாம்னு இருந்தேன்.

தூக்கமில்லா_டெவ்:

நெனச்சேன். அப்படி ஏத்துனா அங்க ஜிலிப்சிங்குற சி லைப்ரரியோட வெர்ஷன் இல்லன்னு ஒரு எரர் வர வாய்ப்பு ஜாஸ்தி. 24.04ல ஜிலிப்சி 2.39, 20.04ல 2.31. பழசுல கம்பைல் பண்ணத புதுசுல ஓட்டலாம், புதுசுல பண்ணது பழசுல ஓடும்னு நம்ப முடியாது. டாக்கர் (வேற லினக்ஸ லேப்டாப்புக்குள்ளயே தனியா ஓட்டுற டூல்) இருந்தா நோட்:16-புல்ஸ்ஐ இமேஜ் எடுத்து, ப்ராஜெக்ட் ஃபோல்டர உள்ள மவுண்ட் பண்ணி அதுக்குள்ள என்பிஎம் இன்ஸ்டால் அடிங்க. அது டெபியன் 11, ஜிலிப்சி 2.31, பைத்தான் 3.9, டிஸ்ட்யூடில்ஸ் தொல்லையும் இல்ல. ரூட்டா ஓடுறதால ஃபோல்டர் ஓனர் மாறிடும், முடிஞ்சதும் சௌன் கமாண்ட் போட்டு உங்க பேருக்கு மாத்திக்கோங்க.

சும்மா_சூடோ:

அப்டேட்: ரெண்டு வழியும் பாத்துட்டேன். லேப்டாப்ல வென்வ் வழியில மொத தடவ அதே எரர் வந்துச்சு, பாத்தா பைத்தான்ங்குறத சின்ன எழுத்துல அடிச்சிருக்கேன், வடமராட்சி அண்ணா மன்னிக்கணும். பெரிய எழுத்துல போட்டதும் ஜி++ ஓட ஆரம்பிச்சு லேப்டாப் ஃபேன் ஊளையிட்டுச்சு, ரெண்டு மூணு வார்னிங் கக்கிட்டு கடைசில ஜிப் இன்ஃபோ ஓகேன்னு வந்துடுச்சு.

சர்வருக்கு டாக்கர்ல பண்ணத ஏத்துனேன், ஓடுது. ஆனா ஒண்ணு கவனிச்சேன், டாக்கர்ல பண்ண நோட்_மாட்யூல்ஸ் லேப்டாப்லயும் அப்படியே ஓடுது, அப்ப வென்வ் போட்டதே வேஸ்ட்டா?

வடமராட்சியான்:

இல்லைத் தம்பி, அழிக்காதேங்கோ. நாளைக்கு ஆட்ஆன்ல ஒரு வரி மாத்தினா ஒவ்வொரு முறையும் டாக்கருக்குள்ள போய் நிக்கிறதை விட அது கெதியா முடியும். சர்வருக்குப் போறதை மட்டும் டாக்கர்ல செய்யுங்கோ.

மேக்ஃபைல்_மாமா:

அந்த டெட்ஸ்நேக்ஸ் 3.11 இருந்துட்டுப் போகட்டும், அது தனிப் பேர்ல ஒரு ஓரமா கெடக்கும். ஆல்டர்நேட்டிவ்ஸ் கமாண்ட ஹிஸ்டரில இருந்து அழிச்சுடுங்க, தூக்கக் கலக்கத்துல மேல் அம்புக்குறி அமுக்குனா மறுபடி வந்துடும்.