ஹோப் விண்கலத்தின் பெண் விஞ்ஞானிகள்: சாதனையா, அரசு விளம்பரமா?

நிலவன்:
அரபுப் பெண் விஞ்ஞானிகள் என்று பேச்செடுத்தால் நம் ஆட்களில் ஒரு தரப்பு "அங்கெல்லாம் பெண்களை வெளியே விடுவார்களா?" என்று கேட்கும். இன்னொரு தரப்பு "முதல் அரபுப் பெண்" என்று ஒரு பட்டியலை ஒட்டிவிட்டுப் போய்விடும். அந்தப் பெண்கள் செய்த வேலை என்ன என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை. அதனால் வேலையிலிருந்தே தொடங்குகிறேன்.

அமீரகத்தின் ஹோப் விண்கலம் 2020 ஜூலையில் ஜப்பானின் தனேகஷிமாவிலிருந்து கிளம்பி, 2021 பிப்ரவரி 9 அன்று செவ்வாயின் சுற்றுப்பாதைக்குள் போனது. முதல் முயற்சியிலேயே. அதன் அறிவியல் பிரிவுக்குத் தலைமை தாங்கியவர் சாரா அல் அமீரி. ஷார்ஜா அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் கணினிப் பொறியியல் படித்தவர், அப்போது முப்பதுகளின் தொடக்கத்தில் இருந்தார். அறிவியல் குழுவில் 80 சதவீதம் பேர் பெண்கள்.

இந்த விண்கலம் செவ்வாயிலிருந்து 20,000 முதல் 43,000 கிலோமீட்டர் தொலைவில், ஒரு சுற்றுக்கு 55 மணி நேரம் எடுத்துக்கொண்டு சுற்றுகிறது. முன்பு போன பல விண்கலங்கள் கோளுக்கு நெருக்கமாக, ஒவ்வொரு இடத்தையும் நாளின் ஒரே பொழுதில் மட்டும் பார்க்கும்படி சுற்றின. ஹோப் தொலைவிலிருந்து முழுக் கோளையும் பார்ப்பதால் ஒரே இடத்தின் காலை, மதியம், இரவு வானிலையை ஒப்பிட முடிகிறது. செவ்வாயின் இரவுப் பக்க வானில் தோன்றும் அரோரா என்ற மெல்லிய ஒளியையும் புற ஊதாவில் படமெடுத்தது. எந்தக் கேள்விக்கு விடை வேண்டுமோ அதற்கேற்ற பாதையைத் தேர்ந்தெடுப்பதுதான் ஒரு அறிவியல் குழுவின் திறமை. இதை ஏன் நாம் அப்படியே, ஒரு நல்ல அறிவியல் வேலையாகப் பாராட்டக் கூடாது?

தமிழ்ச்செல்வி:
நிலவன், விண்கலத்தைப் பற்றி நீங்கள் எழுதியதில் எனக்கு மறுப்பில்லை. அந்த 80 சதவீதம்தான் உறுத்துகிறது. அது அறிவியல் குழுவின் கணக்கு மட்டும். மொத்தத் திட்டக் குழுவில் பெண்கள் 34 சதவீதம். அதுவும் நல்ல எண்தான், ஆனால் தலைப்புச் செய்தியில் வந்தது எது? விண்கலம் உருவானது அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில், அங்குள்ளவர்களோடு சேர்ந்து. அதையும் சொல்ல வேண்டாமா?

இன்னொன்று. ஹோப் செவ்வாயை அடைந்த மறுநாள், பிப்ரவரி 10 அன்று, லுஜைன் அல் ஹத்லூல் சவுதிச் சிறையிலிருந்து வெளியே வந்தார். பெண்கள் கார் ஓட்ட வேண்டும் என்று போராடியவர். 2018 மார்ச்சில் அவரை அபுதாபியில் பிடித்துச் சவுதிக்கு அனுப்பினார்கள். அந்த ஜூனில் பெண்களுக்கு ஓட்டுநர் உரிமம் கிடைத்தபோது அவர் சிறையில் இருந்தார். 2023 மே மாதம் சவுதியின் ரய்யானா பர்னாவி சர்வதேச விண்வெளி நிலையத்துக்குப் போனார், அரபுப் பெண்களில் முதலாவதாக. அது அரசு பணம் கட்டி வாங்கிய இருக்கை. உரிமை கேட்ட பெண்ணை உள்ளே வைத்துவிட்டு, ராக்கெட்டில் ஏறிய பெண்ணைச் சுவரொட்டியில் போடும் அரசுகளை நான் எப்படிப் பாராட்டுவது?

அபுதாபி ரபீக்:
செல்வி அக்கா, அரசை யார் பாராட்டச் சொன்னது? பேச்சு அந்தப் பெண்களைப் பற்றி. ரய்யானா விண்வெளிக்குப் போவதற்கு முன்பே ரியாத்தில் மார்பகப் புற்றுநோய், ஸ்டெம் செல் ஆய்வகங்களில் வேலை பார்த்தவர். இருக்கையை யார் வாங்கினாலும் நோயெதிர்ப்புச் செல்களில் பரிசோதனை செய்தது அவர் கைதான்.

நான் இங்கே எண்ணெய், எரிவாயு கட்டுமானத் துறையில் இருக்கிறேன். கண்ணால் பார்ப்பதைச் சொல்கிறேன். டிசைன் ஆபீஸில் அமீரகப் பெண்கள் நிறைய, திறமையானவர்கள். சைட்டுக்கு வருபவர்கள் குறைவு. புது ஆலையை முதன்முதலில் இயக்கிப் பார்க்கும் எங்கள் கமிஷனிங் குழுவில் அல்ஜீரியாவிலிருந்து வந்த ஒரு பெண் பொறியாளர் இருந்தார். இரவு ஷிஃப்டில் கம்ப்ரஸரை முதல் தடவை ஓடவிடும்போது, அவர் கையெழுத்துப் போடாமல் யாரும் வால்வைத் தொட மாட்டார்கள். எகிப்துக்காரர்கள் அவரைப் "பாஷ்முஹந்திசா" (பொறியாளர் அம்மா) என்று மரியாதையாகக் கூப்பிடுவார்கள். ஊரில் அவர் வகுப்பில் பாதிப் பேர் பெண்களாம். எனக்கு அது புதுச் செய்தி.

நிலவன்:
ரபீக் பாய் சொன்னது அப்படியே புள்ளிவிவரத்திலும் இருக்கிறது. யுனெஸ்கோவின் 2021 அறிவியல் அறிக்கைப்படி அல்ஜீரியாவில் பொறியியல் பட்டம் பெறுவோரில் 48.5 சதவீதம் பெண்கள். துனிசியாவில் 44.2, ஓமனில் 43.2, மொராக்கோவில் 42.2. அமெரிக்காவில் 20.4, ஜப்பானில் 14. செல்வி, இதில் மேடையும் இல்லை, சுவரொட்டியும் இல்லை. ஆண்டுதோறும் தேர்வெழுதி உள்ளே வரும் ஆயிரக்கணக்கான பெண்கள்.

காதர்:
இதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது? பத்தாம் நூற்றாண்டிலேயே சிரியாவின் அலெப்போவில் மரியம் அல் அஸ்துருலாபி நட்சத்திரங்களை வைத்துத் திசையும் நேரமும் கணிக்கும் அஸ்ட்ரோலேப் கருவியைச் செய்தார். இன்றைய ஜிபிஎஸ்ஸுக்கே அவர்தான் முன்னோடி. இது மரபிலேயே இருக்கிறது.

மரு. யாழினி:
காதர் அண்ணன், இந்த வாதத்தைத் தயவுசெய்து இங்கே வைக்காதீர்கள். அந்தப் பெண்ணைப் பற்றி நமக்குக் கிடைப்பது, அந்த நூற்றாண்டின் பாக்தாத் எழுத்தாளர் இப்னு அல் நதீம் தன் நூற்பட்டியலில் எழுதிய ஒரு சிறு குறிப்பு. அல் இஜ்லியின் மகள், கருவி செய்பவர், அலெப்போவை ஆண்ட சைஃப் அத் தவ்லாவின் அவையில் இருந்தவர், அவ்வளவுதான். மரியம் என்ற பெயர்கூட அதில் இல்லை. அவர் செய்த கருவி ஒன்றும் இன்று கிடையாது. ஒற்றை வரியின் மேல் ஜிபிஎஸ்ஸை ஏற்றி வைத்தால், படிப்பவர்கள் உண்மையாக உழைத்தவர்களையும் சேர்த்துச் சந்தேகப்படுவார்கள்.

நிரூபணத்தோடு பேச எவ்வளவோ பேர் இருக்கிறார்கள். பெய்ரூட்டில் பிறந்த ஹுதா ஸோக்பி மருத்துவம் படிக்கும்போதே லெபனான் போர் தொடங்கிவிட்டது. அமெரிக்கா போய்ப் படிப்பை முடித்துக் குழந்தை நரம்பியல் மருத்துவரானார். 1983-ல் அவரிடம் ஒரு சிறுமி வந்தாள். நன்றாக வளர்ந்துகொண்டிருந்த குழந்தை பேச்சையும் கைப்பயன்பாட்டையும் இழந்து, ஓயாமல் கைகளைப் பிசைந்துகொண்டிருந்தாள். ரெட் சிண்ட்ரோம். இந்தக் குழந்தைகள் பெரும்பாலும் பெண்கள், பெரும்பாலும் குடும்பத்தில் ஒருவர் மட்டும். அதனால் பரம்பரையாக வருவதைப் பின்தொடர்ந்து மரபணுவைத் தேடும் வழி அங்கே எடுபடவில்லை. இது மரபணு நோய்தானா என்றே பலர் சந்தேகப்பட்டார்கள். ஸோக்பி விடவில்லை. 16 ஆண்டுகள் கழித்து, 1999-ல், எக்ஸ் குரோமோசோமில் உள்ள எம்இசிபி2 மரபணுவின் கோளாறுதான் காரணம் என்று அவரது குழு காட்டியது. இன்று எங்களால் ஒரு ரத்தப் பரிசோதனையை வைத்து அந்தத் தாய்க்குப் பதில் சொல்ல முடிகிறது. "நீ கர்ப்பத்தில் என்ன செய்தாய்?" என்று அவளைக் குடும்பம் துளைப்பது நிற்கிறது. இதைவிடப் பெரிய சாதனை வேறு எதுவென்று எனக்குத் தெரியவில்லை.

தமிழ்ச்செல்வி:
டாக்டர், நெகிழ்ச்சியோடு படித்தேன். ஆனால் நீங்கள் சொன்னது என் பக்கத்துக்குத்தான் வலு சேர்க்கிறது. ஸோக்பி அதைச் செய்தது ஹூஸ்டனில். சவுதியின் ஹயாத் சிந்தி முனைவர் பட்டம் வாங்கியது கேம்பிரிட்ஜில், கல்லீரல் நிலையைக் காகிதத் துண்டில் சோதிக்கும் நிறுவனத்தைக் கூட்டாகத் தொடங்கியது அமெரிக்காவில். சிரியாவின் ஷாடியா ஹப்பால் சூரியக் காற்றை, அதாவது சூரியனிலிருந்து வீசும் துகள்களை, ஆராய்வது ஹவாயிலிருந்து. சொந்த நாட்டில் இருந்திருந்தால்?

மரு. யாழினி:
சொந்த நாட்டில் இருந்தவர்களைச் சொல்கிறேன். ரஷிகா அல் ரிதி கெய்ரோ பல்கலைக்கழகத்திலேயே இருந்து பில்ஹார்சியா நோய்க்குத் தடுப்பூசி தேடினார். நைல் கால்வாய்களில் உள்ள நத்தைகள் வழியாக வரும் ஒட்டுண்ணி அது. வயலில் இறங்குபவனுக்கு வரும் நோய், பெரிய மருந்து நிறுவனங்களுக்கு அதில் லாபம் இல்லை. கெய்ரோவில் இருந்தவருக்குத்தான் அந்த அவசரம் தெரியும். குவைத்தின் ஃபைஸா அல் கராஃபி உலோக அரிப்பு வேதியியலில் நிபுணர், எண்ணெய் நாட்டுக்கு அது உயிர்நாடியான துறை. ஈராக் படையெடுப்புக்குப் பின் சிதைந்து கிடந்த குவைத் பல்கலைக்கழகத்தை 1993 முதல் 2002 வரை தலைமையேற்று நடத்தினார்.

லிஹாத் அல் கஸாலி ஈராக்கில் பிறந்து அமீரகத்தின் அல் ஐன் நகரில் வேலை செய்தவர். உறவுக்குள் திருமணம் செய்யும் குடும்பங்களில் வரும் அரிய மரபணு நோய்களை ஒவ்வொன்றாக அடையாளம் கண்டார். மாமன் மகளையும் அக்கா மகளையும் கட்டும் நம் ஊரில் மரபணு ஆலோசனைக்கு உட்காரும் எனக்கு, லண்டனில் எழுதிய பாடநூலைவிட அந்தமாதிரி வேலை பல மடங்கு பயன்படுகிறது. இவர்கள் மூவருமே பெண் விஞ்ஞானிகளுக்கான லோரியால் யுனெஸ்கோ விருது பெற்றவர்கள்.

காதர்:
சரி டாக்டர், அப்படியென்றால் சமீரா மூசாவை விட்டுவிட்டீர்களே. 1917-ல் எகிப்தில் பிறந்தவர், அணுக்கதிர் ஆய்வாளர். கெய்ரோவில் ஒரு பெண்ணை விரிவுரையாளராகச் சேர்க்கப் பல்கலைக்கழகம் தயங்கியபோது, அறிவியல் புலத் தலைவர் முஷர்ரஃபா அவருக்காகப் பதவியையே துறப்பதாகச் சொன்னார். சமீரா 1952-ல் கலிபோர்னியாவில் கார் விபத்தில் இறந்துபோனார். அவர் சாவைப் பற்றிச் சதிக் கதை எழுதாத ஆளில்லை. அணு ஆய்வு புற்றுநோய் சிகிச்சைக்குப் பயன்பட வேண்டும், எளியவர்களுக்கும் எட்ட வேண்டும் என்று அவர் விரும்பியதைப் பேசுபவர்கள் குறைவு. எனக்கு அதுதான் வருத்தம்.

தமிழ்ச்செல்வி:
காதர் பாய், சமீராவைக் கொண்டுவந்ததற்கு நன்றி. திறமை இருந்தும், பதவியைப் பணயம் வைக்க ஒரு ஆண் தேவைப்பட்டார், பாருங்கள். நான் கேட்பது அதைத்தான். நிலவன், அல்ஜீரியாவில் பொறியியல் பட்டம் பெறுவோரில் 48 சதவீதத்துக்கு மேல் பெண்கள், ஒப்புக்கொள்கிறேன். அப்புறம் என்ன ஆகிறது? அரபு நாடுகளில் வேலைச் சந்தையில் இருக்கும் பெண்கள் ஐந்தில் ஒருவர்தான், உலகத்திலேயே குறைவு. ஜோர்டானில் சுமார் 15 சதவீதம். 2018-ல் ஸ்டோட், கியரி என்ற இருவர் எழுதிய ஆய்வு, சமத்துவம் குறைந்த நாடுகளில்தான் பெண்கள் அதிகமாக அறிவியல் படிக்கிறார்கள் என்றது. வேறு பிழைப்பு உறுதி இல்லாததால் சம்பளம் வரும் படிப்பைப் பிடித்துக்கொள்கிறார்கள் என்பது அவர்கள் விளக்கம்.

நிலவன்:
அந்த ஆய்வை அப்படியே எடுக்க முடியாது. அவர்கள் கொடுத்த எண்கள் எப்படி வந்தன என்று மற்றவர்களால் கணக்கிட்டுப் பார்க்க முடியாமல், 2019-ல் நீண்ட திருத்தம் வெளியிட வேண்டியதாயிற்று. தவிர, சம்பளத்துக்காகப் படித்தால் அது ஆர்வம் இல்லையா? நம் ஊர் ஆண் பிள்ளைகள் எதற்காகப் பொறியியலில் சேர்ந்தார்கள்? அல்ஜீரியாவிலும் துனிசியாவிலும் விடுதலைக்குப் பிறகு அரசுப் பல்கலைக்கழகங்களைக் கட்டணமில்லாமல் திறந்துவிட்டார்கள். பள்ளி இறுதித் தேர்வு மதிப்பெண்தான் இடத்தைத் தீர்மானிக்கிறது. அந்த வாசலில் யார் மகள் என்று கேட்பதில்லை. நீங்கள் அமீரகத்தின் மேடையைப் பார்த்துக் கோபப்படுங்கள், அதில் நியாயம் இருக்கிறது. அந்தக் கோபத்தில் துனிஸ் நகரத்து ஸோஹ்ரா பின் லக்தர் போன்றவர்களை மறைத்துவிடாதீர்கள். அணுக்கள் வெளியிடும் ஒளியை ஆராயும் அணு நிறமாலையியலில் ஆய்வகத்தை ஒன்றுமில்லாமலிருந்து கட்டி, மாணவிகளை உருவாக்கியவர் அவர்.

வேலைக்குப் போக முடியாத நிலை பற்றி நீங்கள் சொன்னது முழுக்கச் சரி. அதற்குக் காரணம் திறமையின்மையும் அல்ல, மதம் என்ற ஒற்றைச் சொல்லும் அல்ல என்பதற்கு ஜோர்டானே சாட்சி. அங்கே முன்பு இருந்த தொழிலாளர் சட்டப்படி, 20 திருமணமான பெண்கள் வேலை செய்தால் முதலாளி குழந்தைக் காப்பகம் வைக்க வேண்டும். இருபதாவது பெண்ணை எடுக்க எந்த முதலாளிக்கு மனம் வரும்? 2019-ல் அதை மாற்றினார்கள். ஊழியர் ஆணோ பெண்ணோ, அவர்களுக்கு ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் 15 பேர் இருந்தால் காப்பகம் கட்டாயம். குழந்தை அப்பாவுக்கும் சொந்தம் என்று சட்டம் ஏற்றுக்கொண்டது.

தமிழ்ச்செல்வி:
இந்தத் தகவல் எனக்கு உதவும், நிலவன். ஆனால் சட்டம் எழுதுவதும் காப்பகம் திறப்பதும் ஒன்றல்ல. அந்த முதலாளிகளைச் சோதிக்க எத்தனை தொழிலாளர் ஆய்வாளர்கள் போகிறார்கள் என்பதை வைத்துத்தான் நான் அடுத்து வாதாடுவேன்.

அபுதாபி ரபீக்:
அக்கா, அதோடு சைட் முகாம்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கடலுக்குள் இருக்கும் எண்ணெய் மேடைகளில் பெண்களுக்குத் தனித் தங்குமிடம் இல்லை என்ற ஒரே காரணத்துக்காகப் பெயர் நீக்கப்பட்ட பொறியாளர்களை எனக்குத் தெரியும். நாலு அறை கட்டினால் தீரும் பிரச்சினை அது.