தாத்தாவின் புல் வெட்டும் மெஷின் வெட்டாமல் பிய்க்கிறது

கேள்வி (மடிப்பாக்கம்):
தாத்தா நுங்கம்பாக்கத்தில் ஒரு பங்களாவில் தோட்டக்காரர். அந்த வீட்டை இடித்தபோது அவருக்குக் கிடைத்த மெஷின் இத்தனை நாள் எங்கள் பரணில் கிடந்தது. மோட்டார் கிடையாது. தள்ளினால் சக்கரத்தோடு முறுக்குக் கத்திகள் உருளையாகச் சுற்றும். எண்ணெய் விட்டு, வாசலில் பத்துக்குப் பத்தடி அருகம்புல்லில் ஓட்டினேன். பிய்த்துப் போட்டுவிட்டது, இரண்டே நாளில் நுனியெல்லாம் வெளுத்துவிட்டது. சாணைக்காரர் தொடவே மாட்டேன் என்கிறார். கிரைண்டரில் தீட்டலாமா?

பதில் (பெரம்பூர்):
வேண்டாம் தம்பி, வடிவம் போய்விடும். நான் துணி மில்லில் ஃபிட்டராக இருந்தவன். அங்கே துணியின் பிசிறைச் சீவ இதே மாதிரி உருளைக் கத்தி உண்டு. உங்கள் மெஷினின் பாட்டனும் அப்படி ஒரு மில்லில் பிறந்தவன்தான். இங்கிலாந்தில் ஸ்ட்ரவுட் பக்கம் கம்பளி மில்கள் நிறைய. அங்கிருந்த எட்வின் பட்டிங், கம்பளி சீவும் மெஷினைப் பார்த்துத்தான் இதைச் செய்து 1830-இல் காப்புரிமை வாங்கினார். 19 அங்குல அகலம், இரும்பு. ஒருவர் தள்ளினால் போதாது என்று முன்னால் இழுக்கவும் ஒரு கைப்பிடி!

இது கத்திரிக்கோல் மாதிரி. உருளை ஒரு அலகு, அடியில் அசையாத பட்டைக் கத்தி இன்னொரு அலகு. இடைவெளி இருந்தால் புல் மடிந்து பிய்யும். இரு ஓரத்து போல்ட்டையும் கால் திருகாகத் திருகி, நடுவே செய்தித்தாள் வைத்துச் சுற்றுங்கள். முழு நீளத்துக்கும் சுத்தமாக வெட்ட வேண்டும். விரல் பத்திரம். அப்படியும் வெட்டாவிட்டால் வால்வ் கிரைண்டிங் பேஸ்ட் (இன்ஜின் வால்வைத் தேய்க்கும் சொரசொரப்பான பசை) தடவி, உருளையைப் பின்பக்கமாகச் சுற்றுங்கள்.

பதில் (பெசன்ட் நகர்):
இந்த மெஷின் வருவதற்கு முன் நீளக் கைப்பிடி அரிவாள்தான். பனி ஈரம் காய்வதற்குள் ஆட்கள் வரிசையாக நின்று அறுக்க வேண்டும், அதனால் புல்தரை பிரபுக்கள் வீட்டு விஷயம். பிறகு வந்த பெரிய மெஷின்களைக் குதிரை இழுத்தது. குளம்புத் தடம் விழாமல் அதற்குத் தோல் பூட்ஸ் வேறு. 1947-இல் தொடங்கிய லெவிட்டவுன் என்ற அமெரிக்கப் புறநகர்க் குடியிருப்பில் புல் வளரும் காலத்தில் வாரம் ஒருமுறை வெட்டியே தீர வேண்டும் என்று விதி இருந்தது. நம் ஊரில் மே மாதம் தண்ணீர் லாரிக்குக் காத்திருந்துகொண்டு அப்படியெல்லாம் முடியுமா? அருகம்புல்லையே வைத்துக்கொள்ளுங்கள், காய்ந்தாலும் மழைக்குத் துளிர்க்கும். ரொம்ப ஒட்ட வெட்டாதீர்கள்.

கேட்டவர்:
நன்றி ஐயா. வலது பக்கம் பேப்பரைச் சர்ரென்று வெட்டுகிறது. இடது போல்ட் துருவேறி அசையவில்லை. டீசல் ஊற்றி வைத்திருக்கிறேன், காலையில் பார்க்கிறேன்.