சவுக்குப் பலகையில் செய்த 4x5 கேமரா: படம் ஏன் மங்குகிறது?

டிக்கோயா_பையன்:

வணக்கம். ஒரு வருசமாக மாமாவோடு சேர்ந்து நாலுக்கு அஞ்சு அங்குல ஃபிலிம் போடுகிற மரக் கேமரா ஒன்று செய்துகொண்டிருக்கிறேன். மாமா தோட்டத்தில் தச்சு வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். லென்ஸ் பழைய 150 மில்லிமீட்டர், கோபல் 0 (Copal 0) அளவு ஷட்டரோடு கிடைத்தது. அதற்குப் பலகையில் 34.6 மில்லிமீட்டர் ஓட்டை போடப் பட்ட பாடு தனிக்கதை. பெட்டி முழுக்க சவுக்கு. (இந்தியாவிலிருந்து படிப்பவர்களுக்கு: இலங்கை மலையகத்தில் நாங்கள் சவுக்கு என்பது தேயிலைக்கு நடுவே நிழலுக்கு நிற்கிற மரத்தை, உங்கள் கடற்கரைச் சவுக்கு இல்லை.) பலகை ஏழெட்டு வருசம் எங்கள் குசினிப் பரணில் கிடந்தது, நன்றாகக் காய்ந்திருக்கும் என்று நம்பித்தான் எடுத்தோம்.

இப்போது இரண்டு பிரச்சினை. பெப்ரவரியில் வெண்ணெய் மாதிரி ஓடிய அடிச்சட்டம் (ஃபோகஸுக்கு முன்னும் பின்னும் இழுக்கிற சட்டம்) ஜூன் மழையில் இறுகிவிட்டது, இழுத்த இழுப்பில் குமிழ் கையோடு வந்துவிட்டது. அடுத்தது, கிரவுண்ட் கிளாஸில் (பின்னால் படம் விழுந்து தெரிகிற, ஒரு பக்கம் உரசிய கண்ணாடி) பார்க்கும்போது தேயிலைக் கொழுந்தின் விளிம்பு கத்தி மாதிரி தெரிகிறது, எஃப் 5.6இல், அதாவது லென்ஸ் துவாரத்தை அகலத் திறந்து, எடுத்துக் கழுவினால் எல்லாம் மங்கல். துவாரத்தைச் சுருக்கி எஃப் 32இல் எடுத்தால் மட்டும் பரவாயில்லை. சவுக்கைத் தூக்கி எறிந்துவிட்டு மஹோகனி வாங்கு என்கிறார்கள். மரம்தான் காரணமா?

ஊவா_வெயில்:

தம்பி, மங்கலுக்கும் மரத்துக்கும் சம்பந்தம் இருக்காது. எஃப் 32இல் சரி, 5.6இல் சரியில்லை என்றால் கண்ணாடி நிற்கிற இடமும் ஃபிலிம் நிற்கிற இடமும் ஒன்றாக இல்லை. ஒரு கேள்வி, கண்ணாடியின் சொரசொரப்பான பக்கம் எந்தப் பக்கம் பார்க்கிறது? அது லென்ஸைப் பார்க்க வேண்டும். நானும் முதல் கேமராவில் வழவழப்பான பக்கத்தை உள்ளே வைத்து, மூன்று மாதம் லென்ஸைத் திட்டிக்கொண்டிருந்தேன். 2 மில்லிமீட்டர் கண்ணாடியைத் திருப்பிப் போட்டால் ஒளி வளைவதைக் கழித்தாலும் 1.3 மில்லிமீட்டர் அளவுக்கு ஃபோகஸ் தவறும். 5.6இல் ஒவ்வொரு புள்ளியும் கால் மில்லிமீட்டர் வட்டமாகிவிடும். 32இல் அந்த வட்டம் சுருங்கிப்போவதால் தப்பு ஒளிந்துகொள்கிறது, அதனால்தான் ஆள் ஏமாறுகிறான்.

திருப்பிய பிறகு அளந்தும் பார். ஹோல்டரில் (ஃபிலிம் போட்டுக் கேமராவுக்குப் பின்னால் செருகுகிற சட்டம்) பழுதான ஃபிலிம் ஒன்றைப் போட்டு மூடியை இழுத்துவிட்டு, ஹோல்டரின் விளிம்பிலிருந்து ஃபிலிம் வரை வேர்னியர் அளவுகோலின் வால் பக்கத்தால் ஆழம் எடு. 4x5க்கு 4.8 மில்லிமீட்டர் கிட்ட வரும். ஹோல்டர் பதிகிற பரப்பிலிருந்து சொரசொரப்பு வரைக்கும் அதே ஆழம் இருக்க வேண்டும். கூடக்குறைய இருந்தால் கடதாசித் துண்டு வைத்துச் சரிசெய்யலாம்.

கண்ணாடியை எதால் உரசினாய்? மோட்டார் பார்ட்ஸ் கடையில் வால்வு உரசுகிற பேஸ்ட் விற்பார்கள், அந்த டப்பாவின் நைஸான பக்கம் போதும். முரட்டுப் பக்கத்தைத் தொட்டுவிடாதே.

பலகை_தூசி:

மரத்தைப் பற்றி நான் சொல்கிறேன், எனக்குச் சோறு போடுவதே அதுதான். சவுக்கு கெட்ட மரம் இல்லை. வளையங்கள் பலகையின் முகத்துக்குச் செங்குத்தாக நிற்கும்படி அறுத்தால் பட்டு மாதிரி மினுங்கும், உப்புவதும் குறைவு. மரம் நீளவாக்கில் உப்பாது, அகலவாக்கில்தான் உப்பும், வளையத்தை ஒட்டிய திசையில் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. அடிச்சட்டம் எப்படி அறுத்த பலகை என்று பாருங்கள்.

அந்தப் பரண் அடுப்புக்கு மேலேயா? அப்படியென்றால் பலகை காயவில்லை, வறுபட்டிருக்கிறது. வெளியே எடுத்ததும் டிக்கோயா ஈரத்தைக் குடித்து வீங்கத்தான் செய்யும், மஹோகனி என்றாலும் கொஞ்சம் இதே கதைதான். வெளியே பாலிஷ் அடித்து உள்ளே வெறும் கறுப்புச் சாயம் பூசியிருப்பீர்கள், இல்லையா? ஈரம் உள்பக்கத்தால் ஏறிப் பலகை வளையும். முனைகள் உட்பட எல்லாப் பக்கமும் ஷெலாக் (அரக்கு வார்னிஷ்) அடித்த பிறகுதான் கறுப்பு. இழைப்பதாக இருந்தால் இப்போதே, இந்த மழையிலேயே இழையுங்கள். வெயில் காலத்தில் வரும் லொடலொடப்பைக் கம்பளித் துணி ஒட்டிச் சமாளிக்கலாம், மழையில் இறுகினால் ஒன்றும் செய்ய முடியாது.

பொகவந்தலாவை_பனி:

கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது, நான் ஊர்க்கதை சொல்கிறேன். அந்தக் காலத்துப் பெரிய புகைப்படக் கலைஞர் ஜூலியா மார்கரெட் கேமரன் 1879இல் இறந்தது உங்கள் டிக்கோயாப் பக்கம்தான், அடக்கம் இங்கே சென்ட் மேரிஸ் கோயிலில். 15க்கு 12 அங்குலக் கண்ணாடித் தகட்டில் படம் எடுத்த அம்மா. அந்தக் காலத்திலேயே படம் மங்கல் என்று ஏச்சு வாங்கியவர், ஆகவே நீர் நல்ல பரம்பரையில்தான் இருக்கிறீர். இங்கே தோட்டத்து ஆட்களையும் எடுத்தார், அவர்களில் பலருடைய பெயர் எங்கும் எழுதப்படவில்லை.

ஃபிலிம் விலைக்குப் போட்டோப் பேப்பரையே ஹோல்டரில் வெட்டிப் போட்டுப் பழகும், அதன் ஒளி உணர்திறன் ஐஎஸ்ஓ 6 என்று, அதாவது மிகக் குறைவாக, வைத்துக்கொள்ளலாம். நீல ஒளிதான் அதற்குப் பெரிதாகத் தெரியும், அதனால் மூடுபனி கண்ணுக்குத் தெரிவதைவிடத் தடிப்பாக விழும். கறுப்புத் துணிக்குள் தலையை விட்டால் காலைப் பார்த்துக்கொள்ளும், அட்டை ஏறினால் ஃபோகஸ் போய்விடும்.

டிக்கோயா_பையன்:

ஊவா அண்ணே, கண்ணாடி திரும்பித்தான் இருந்தது. அந்த அம்மா தெரிந்து மங்க வைத்தார், நான் தெரியாமல். திருப்பிப் போட்டு அளந்தால் 4.9, ஒரு கடதாசி வைத்தேன். பரண் அடுப்புக்கு மேலேதான், அதைக் கேட்டதும் மாமா முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். சட்டத்தை நேற்றே இழைத்துவிட்டார், உள்பக்கத்துக்கு ஷெலாக் இனித்தான்.

பேப்பரில் மாமாவையே எடுத்தேன், எஃப் 8, ஒரு செக்கன். அசையாதே என்றால் மனுசன் மூச்சையும் பிடித்துக்கொண்டு நிற்கிறார். கண் நிமை வரைக்கும் விழுந்திருக்கிறது. பின்னால் பென்சிலால் அவர் பெயரை எழுதி வைத்தேன். குமிழ் இன்னும் ஒட்டவில்லை, இப்போதைக்குப் பழைய குடைக் கைப்பிடியின் துண்டு.