பட்டன் ஸ்டார்ட்: நான் அழுத்தினால் ஓடுகிறது, அப்பா அழுத்தினால் நிற்கிறது

பாளைப்பையன்:

வணக்கம். வண்டி 2010 ஐ10, பெட்ரோல், மேனுவல் கியர். போன மாதம் கீலெஸ் என்ட்ரியும் புஷ் பட்டன் ஸ்டார்ட்டும் சேர்ந்த கிட் ஒன்றை ஆன்லைனில் வாங்கி, ஊரில் ஒரு ஆக்சஸரீஸ் கடையில் மாட்டினேன். ரிமோட்டைப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு கிட்டே போனால் கதவு திறக்கிறது, தள்ளிப்போனால் பூட்டிக்கொள்கிறது. அதில் குறையில்லை.

பிரச்சினை ஸ்டார்ட்டிங்கில்தான். நான் பட்டனை அழுத்தினால் ஒவ்வொரு தடவையும் ஓடுகிறது. அப்பா அழுத்தினால் இன்ஜின் பிடித்து, இரண்டு செகண்டில் நின்றுவிடுகிறது. மீட்டரில் சாவி லைட் சிமிட்டுகிறது. ரிமோட்டுகளை மாற்றிப் பார்த்தோம், இரண்டிலும் புது சிஆர்2032 பேட்டரி போட்டோம், பலனில்லை. பழைய சாவியைப் போட்டுத் திருப்பினாலும் இப்போது அதே கதை. ஷெட்டில் காட்டினால், "இசிஎம் போயிருக்கும் தம்பி" என்று, இன்ஜினை இயக்கும் அந்தக் கம்ப்யூட்டருக்கு ஒரு பெரிய தொகை சொல்கிறார்கள். மாற்றிவிடலாமா? வெள்ளிக்கிழமை திருச்செந்தூர் போக வேண்டும். "நான் அப்பவே சொன்னேன்" என்று அப்பா ஒரு நாளைக்கு நாலு தடவை சொல்கிறார்.

ரிவர்ஸ்கியர்:

பேட்டரி டெர்மினலைக் கழற்றிப் பத்து நிமிஷம் கழித்து மாட்டுங்கள். எனக்கு அப்படித்தான் சரியானது.

ஒயர்மேன்:

டெர்மினலைக் கழற்றினால் ரேடியோவில் வைத்த ஸ்டேஷன்தான் போகும். தம்பி, இசிஎம்மை இப்போதைக்குத் தொட வேண்டாம். மூன்று விஷயம் சொல்லுங்கள். கிட் மாட்டும்போது உங்கள் ஸ்பேர் சாவியைக் கேட்டு வாங்கினார்களா? சாவி இல்லாதபோது ஸ்டீயரிங் பூட்டுகிறதா? அப்பா பட்டனை அழுத்துவதற்கு முன்னால் என்ன செய்கிறார்? இதைக் கேட்காதீர்கள், பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள்.

பாளைப்பையன்:

அண்ணா, பார்த்துவிட்டேன். அப்பா வண்டியில் ஏறியதும் பழைய சாவியைச் சொருகிவிடுகிறார்! திருப்புவதில்லை, சும்மா சொருகி வைத்துவிட்டுப் பட்டனை அழுத்துகிறார். ஏன் என்றால், "ஓட்டை சும்மா இருந்தா ஒரு மாதிரி இருக்குடா" என்கிறார். ஸ்பேர் சாவியைக் கடையில் வாங்கி உடைத்தார்கள், காலி பிளாஸ்டிக் மூடிதான் திரும்பி வந்தது. ஸ்டீயரிங் பூட்டுவதில்லை, அதைப் பூட்டும் பின்னைக் கழற்றிவிட்டதாகச் சொன்னார்கள்.

ஒயர்மேன்:

அப்படியென்றால் கண்டுபிடித்தாயிற்று. உங்கள் இசிஎம் நன்றாகத்தான் இருக்கிறது.

சாவியின் தலைக்குள் அரிசி மணியைவிடச் சற்றுப் பெரிய ஒரு சிப் இருக்கும். அதற்கு பேட்டரி கிடையாது. இக்னிஷன் துவாரத்தைச் சுற்றியுள்ள காயில் ரிங்தான் (கம்பிச் சுருள் வளையம்) அதற்குச் சக்தி கொடுத்து, அதிலுள்ள அடையாள நம்பரைப் படிக்கும். நம்பர் சரியாக வராவிட்டால் இம்மொபிலைசர், அதாவது வண்டியின் திருட்டுத் தடுப்பு அமைப்பு, இன்ஜினை நிறுத்திவிடும். புஷ் பட்டனில் சாவியே போடுவதில்லை, நம்பர் எங்கிருந்து வரும்? அதற்காக உங்கள் ஸ்பேர் சாவியின் சிப்பை எடுத்து அந்த ரிங்கிலேயே டேப் போட்டு ஒட்டியிருக்கிறார்கள். நீங்கள் சாவி இல்லாமல் அழுத்துகிறீர்கள், ரிங்கில் ஒரு சிப், சுத்தமாகப் படிக்கிறது. அப்பா சாவியைச் சொருகியதும் ரிங்குக்குள் இரண்டு சிப், இரண்டும் ஒரே நேரத்தில் பேசும். ஒரே மைக்கில் இரண்டு பேர் பேசின மாதிரி, இம்மொபிலைசருக்கு ஒன்றும் விளங்காது. சாவியைத் திருப்பினாலும் நிற்பதற்குக் காரணமும் அதுவே.

ஸ்டீயரிங் தண்டைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் கவரைத் திறந்து, ஒட்டிய சிப்பை எடுத்துவிட்டுச் சாவியில் ஓட்டிப் பாருங்கள். ஓடும்.

ரிவர்ஸ்கியர்:

அதற்கு ஏன் கவரைக் கழற்ற வேண்டும்? சாவித் தலையில் அலுமினிய ஃபாயில் சுற்றிச் சொருகினால் போதாதா?

ஒயர்மேன்:

ஃபாயில் ரிங்குக்கு அவ்வளவு பக்கத்தில் வந்தால் ரீடிங்கே கெட்டுப்போகலாம். ஓடாவிட்டால் சிப் தப்பா ஃபாயில் தப்பா என்று தெரியாது. கவருக்கு நாலு ஸ்குரூதான்.

பாளைப்பையன்:

கழற்றினேன். கருப்பு டேப்பில் சுற்றி, வெயிலில் பசை இளகிப் பாதி தொங்கிக்கொண்டிருந்தது. சிப்பை எடுத்ததும் சாவியில் முதல் தடவையிலேயே ஓடியது. இப்போது பட்டனில் ஓடவில்லை, அது தெரிந்ததுதான். இனி என்ன செய்வது?

ஒயர்மேன்:

டிரான்ஸ்பாண்டர் பைபாஸ் பாக்ஸ் என்று கேட்டு வாங்குங்கள். எடுத்த சிப்பை அதற்குள் வைத்துவிட வேண்டும். பாக்ஸிலிருந்து வரும் மெல்லிய ஒயரை ரிங்கைச் சுற்றிச் சில சுற்று சுற்ற வேண்டும். நடுவில் ஒரு ரிலே (சிக்னல் வந்தால் தானாகச் சேரும் சுவிட்ச்) இருக்கும், கிட் ஸ்டார்ட் பண்ணும்போது மட்டும் அது சேர்ந்து சிப்பை ரிங்குக்குக் காட்டும். மற்ற நேரத்தில் ரிங்குக்கு அந்தச் சிப் தெரியாது.

கடைக்காரர்கள் இங்கேதான் சறுக்குவார்கள். ரிலேவுக்கான சிக்னலை இக்னிஷன் ஒயரிலிருந்து எடுக்கக் கூடாது. சாவியைத் திருப்பினாலும் அந்த ஒயரில் 12 வோல்ட் வரும், மறுபடி இரண்டு சிப் கதைதான். கிட்டில் இதற்கென்று தனி அவுட்புட் இருந்தால் அதிலிருந்து எடுக்க வேண்டும், இல்லாத கிட் என்றால் நான் மாட்டவே மாட்டேன். பாக்ஸ் போட்ட பிறகும் அப்பா சாவியைச் சொருகிக்கொண்டு பட்டனை அழுத்தினால் நிற்கத்தான் செய்யும். சாவி அல்லது பட்டன், ஏதாவது ஒன்று.

ரிங்கில் ஒட்டிய சிப் திருடனுக்கும் வேலை செய்யும். இக்னிஷனை உடைத்து ஒயரைத் தொட்டால் போதும், இம்மொபிலைசர் தடுக்காது. பாக்ஸில் அந்த ஓட்டை பெரும்பாலும் அடைபடும்.

ஸ்டீயரிங் பின்னைக் கழற்றியதைத் தப்பென்று சொல்ல மாட்டேன். அது இருந்து, சாவி இல்லாமல் ஓட்டினால் வளைவில் ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளும், உயிர் போகிற விஷயம். ஆனால் பூட்டு போய்விட்டதால் ஒரு கியர் லாக் வாங்கிப் போட்டுக்கொள்ளுங்கள். வண்டி களவு போனால் இன்சூரன்ஸில் இரண்டு சாவியும் கேட்பார்கள், ஒன்றை உடைத்தாயிற்று. டீலரிடம் இன்னொன்று புரோகிராம் செய்து வாங்கி வையுங்கள், கிட் போட்டதைக் கம்பெனிக்கு எழுத்தில் சொல்லியும் விடுங்கள்.

பாளைப்பையன்:

நன்றி அண்ணா. ரிமோட்டில் தூரத்திலிருந்தே ஸ்டார்ட் பண்ணும் வசதியும் இருக்கிறது. ஏறுவதற்கு முன்னால் ஏசி போட்டுவைக்கலாமே, அது இருக்கட்டுமா?

ஒயர்மேன்:

தம்பி, அதை முதலில் வெட்டுங்கள். இந்த மாதிரி கிட்டுகள் பெரும்பாலும் ஆட்டோமேட்டிக் வண்டியை மனதில் வைத்துச் செய்தவை. நம்ம ஊரில் கியரில் போட்டு நிறுத்துகிற பழக்கம் நிறையப் பேருக்கு உண்டு. கியரில் நிற்கும் மேனுவல் வண்டியில் தூரத்திலிருந்து ஸ்டார்ட் கொடுத்தால் அது முன்னால் பாயும், முன்னால் சுவரா குழந்தையா என்று பார்க்காது.

பட்டனுக்கும் அதே ஆபத்து. கிட் பிரேக் சிக்னலை மட்டும்தான் பார்க்கும். கிளட்ச் பெடலில் ஒரு சுவிட்ச் வைத்து, கிட்டுக்குப் போகும் பிரேக் சிக்னல் ஒயரை மட்டும் அதன் வழியாகக் கொண்டுபோங்கள். கிளட்ச், பிரேக் இரண்டையும் மிதித்தால்தான் ஸ்டார்ட்டர் சுற்ற வேண்டும். இன்னொன்று, என்றாவது பட்டன் ஒன்றுக்குமே அசையாவிட்டால் பின்னால் போய் பிரேக் லைட் எரிகிறதா பாருங்கள். அந்த ஃப்யூஸ் போனால் கிட்டுக்கும் பிரேக் சிக்னல் வராது.

பாளைப்பையன்:

வியாழன் சாயங்காலம் வேறொரு எலக்ட்ரீஷியனை வைத்து பாக்ஸ், கிளட்ச் சுவிட்ச் இரண்டும் முடித்தோம். வெள்ளி காலையில் அப்பாதான் ஓட்டினார், போக வர ஒரு தடவைகூட நிற்கவில்லை. பழைய சாவியை இப்போது சட்டைப் பையில் வைத்துக்கொள்கிறார், அது பரவாயில்லையா?

ஒயர்மேன்:

தாராளமாக. அந்த ரிங் பிடிப்பதே ஓரிரு அங்குலம்தான். ரிமோட் ஸ்டார்ட் ஒயரை வெட்டினீர்களா?

பாளைப்பையன்:

வெட்டி டேப் சுற்றியாச்சு அண்ணா.