அப்பாவின் பழைய பென்டாக்ஸ் லென்ஸை என் சோனி கேமராவில் மாட்டலாமா?

மன்னார்குடிக்காரி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். அப்பா மன்னார்குடியில் இருபத்தெட்டு வருடம் ஸ்டூடியோ வைத்திருந்தார். பாஸ்போர்ட் சைஸ், காதுகுத்து, கல்யாணம் என்று எல்லாவற்றையும் எடுத்தது ஒரே பென்டாக்ஸ் கே1000-ஐ வைத்துத்தான். 1989-இல் திருச்சியில் ஒருவரிடம் பழையதாக வாங்கியது. போன ஆடியில் அப்பா தவறிவிட்டார். பொங்கலுக்கு பீரோவை ஒழித்தபோது தோல் உறைக்குள் அந்தக் கேமரா கிடைத்தது. ஷட்டர் இறுகிப் போயிருக்கிறது. ஆனால் லென்ஸின் ஃபோகஸ் வளையம் எண்ணெய் போட்ட கிணற்று உருளை மாதிரி சுழல்கிறது.

லென்ஸின் முன்பக்கம் ‘எஸ்எம்சி பென்டாக்ஸ்-எம் 1:2 50 எம்எம்’ என்று எழுதியிருக்கிறது. என்னிடம் இருப்பது சோனி ஏ6400. என் கேள்விகள் இவைதான். இந்த லென்ஸை அதில் மாட்டினால் கேமராவுக்கு ஏதாவது ஆகுமா? உள்ளே ஓரத்தில் சிலந்தி வலை மாதிரி மெல்லிய வெள்ளை இழைகள் தெரிகின்றன, அது என்ன? அடுத்த மாதம் வீட்டிலேயே தங்கைக்கு வளைகாப்பு. ஒரு சில படங்களாவது இந்த லென்ஸில் எடுக்க வேண்டும் என்று ஆசை. நான் இதுவரை ஆட்டோஃபோகஸ் தவிர வேறெதுவும் பழகியதில்லை. ஒரு மாதத்தில் கை வருமா?

இன்னொன்று. ஃபோகஸ் வளையத்தில் தூரம் காட்டும் எண்களில் 3 மீட்டருக்கு நேரே சிவப்பு நகப்பாலிஷால் ஒரு புள்ளி வைத்திருக்கிறார். அம்மாவைக் கேட்டேன், அவருக்கும் தெரியவில்லை. யாருக்காவது புரிகிறதா?


சிவப்பு பல்பு எழுதியது:

வணக்கம்மா. அப்பாவுக்கு என் அஞ்சலி. நானும் கும்பகோணத்தில் ஸ்டூடியோ வைத்திருந்தவன்தான். ஊட்டியில் தயாரான ‘இந்து’ என்ற கறுப்பு வெள்ளை ஃபிலிம் ரோலைக் கழுவியே என் விரல் நகமெல்லாம் பழுப்பேறிக் கிடந்த காலம் அது.

முதலில் அந்தப் புள்ளியைச் சொல்லிவிடுகிறேன். படித்ததும் எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. என் லென்ஸிலும் அதே இடத்தில் ஒரு கீறல் போட்டு வைத்திருந்தேன்.

மணமேடையில் தாலி கட்டும் நேரத்தில் வியூஃபைண்டரில் பார்த்து ஃபோகஸ் செய்துகொண்டிருக்க முடியாது. மேளம் ஏறும், ஆட்கள் குறுக்கே வருவார்கள், புகை வேறு. கே1000-இல் ஃப்ளாஷுக்கு ஷட்டர் வேகம் வினாடியில் 60-இல் ஒன்றுதான், அதைவிட வேகமாக வைக்க வழியில்லை. மீதி இருப்பது தூரமும், லென்ஸுக்குள் ஒளி புகும் துளையான அப்பர்ச்சரும். ஃப்ளாஷின் வலுவைச் சொல்லும் கைடு நம்பரைத் தூரத்தால் வகுத்தால் அப்பர்ச்சர் எண் வந்துவிடும். 100 ஏஎஸ்ஏ (ஃபிலிம் ஒளியை உணரும் அளவு, இப்போதைய ஐஎஸ்ஓ) ரோலுக்குக் கைடு நம்பர் 24 உள்ள ஃப்ளாஷ் என்றால், 24-ஐ 3-ஆல் வகுத்து 8. வளையத்தைப் புள்ளியில் வைத்து, அப்பர்ச்சரை 8-இல் வைத்துவிட்டால் ஏறக்குறைய இரண்டேகால் மீட்டரிலிருந்து நாலு மீட்டர் வரைக்கும் இருப்பவர்கள் தெளிவாக விழுவார்கள். அப்புறம் கேமராவை நெட்டுக்குத்தாகப் பிடித்தால் 3 மீட்டரில் மாப்பிள்ளையும் பெண்ணும் தலை முதல் கால் வரை சரியாக அடங்குவார்கள். இருட்டு மண்டபத்தில் விரலால் தேடாமல் ஒரே பார்வையில் புள்ளி கண்ணில் பட வேண்டும், அதற்குத்தான் நகப்பாலிஷ். உங்கள் அப்பா தாலி கட்டும் படம் ஒன்றைக்கூடத் தவறவிட்டிருக்க மாட்டார் என்று என்னால் சொல்ல முடியும்.

சரி, மாட்டுவது பற்றி. தாராளமாக மாட்டலாம். லென்ஸ் உட்காரும் வளையத்திலிருந்து ஃபிலிம் வரைக்கும் பென்டாக்ஸில் 45.46 மில்லிமீட்டர். உங்கள் சோனியில் ஃபிலிமுக்குப் பதிலாக இருக்கும் சென்சார் வரைக்கும் 18 மில்லிமீட்டர்தான். நடுவில் இருக்கும் 27 மில்லிமீட்டர் சொச்சத்தை நிரப்ப ஒரு வெற்றுக் குழாய் போதும். அடாப்டர் என்பது அதுதான், கண்ணாடி எதுவும் கிடையாது. கடையில் பிகே-நெக்ஸ் என்று கேளுங்கள். நான் வாங்கியதற்கு 1,400 ரூபாய் ஆனது. தனியாக அப்பர்ச்சர் வளையம் வைத்த அடாப்டரும் விற்கிறார்கள். அது வளையமே இல்லாத பிற்காலத்து பென்டாக்ஸ் லென்ஸ்களுக்கு. உங்களுக்கு வேண்டாம்.

மாட்டியதும் ஷட்டர் விழாது, பயந்துவிடாதீர்கள். லென்ஸோடு மின்தொடர்பு இல்லாததால் ஒன்றுமே மாட்டவில்லை என்று கேமரா நினைத்துக்கொள்ளும். மெனுவில் ‘ரிலீஸ் வித்தவுட் லென்ஸ்’ என்பதைத் தேடி எனேபிள் செய்யுங்கள். மோடை ஏ-வில் வையுங்கள். லென்ஸில் வளையத்தைத் திருப்பினால் அப்பர்ச்சர் இதழ்கள் அப்போதே மூடும். அதற்கேற்ப ஷட்டர் வேகத்தைக் கேமராவே பார்த்துக்கொள்ளும். எடுத்த படத்தின் தகவலில் அப்பர்ச்சர் எண் பதியாது. முதல் ஒரு வாரம் ஒரு நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள்.

இப்போது ஃபோகஸ். இதில்தான் எல்லோரும் இடறுவார்கள். பீக்கிங் என்று ஒரு வசதி இருக்கிறது, ஃபோகஸான விளிம்புகளைச் சிவப்பாகக் காட்டும். எஃப்2-இல், அதாவது அப்பர்ச்சர் முழுக்கத் திறந்திருக்கும்போது, அதை நம்பவே நம்பாதீர்கள். ஒரு மீட்டர் தூரத்தில் எஃப்2-இல் தெளிவாக இருக்கும் ஆழம் மொத்தமே மூன்று சென்டிமீட்டர்தான். முகத்தில் கண்ணுக்குச் சரியாக வைத்தால் காது மங்கிப்போகும். பீக்கிங்கோ புருவம், மூக்குத்தி, நெற்றிப் பொட்டு எல்லாவற்றையும் ஒரே சிவப்பாகக் காட்டும். ஃபோகஸ் மேக்னிஃபையரை சி1 பொத்தானுக்குக் கொடுங்கள். பெரிதாக்கி, இமை முடி தனித்தனியாகத் தெரியும் வரை திருப்புங்கள். எஃப்4-க்கு மேல் மூடியபின் பீக்கிங் ஓரளவுக்கு உதவும்.

ஏ6400-இல் கேமரா உடலுக்குள் கை ஆட்டத்தைத் தாங்கும் வசதி கிடையாது. 50 எம்எம் அதில் 75 எம்எம் அளவுக்கு நெருக்கிக் காட்டும். அதனால் ஷட்டர் 125-இல் ஒன்றுக்குக் கீழே இறங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஐஎஸ்ஓ ஆட்டோவில் குறைந்தபட்ச ஷட்டர் வேகம் வைக்க இடம் இருக்கிறது.

ஒரு மாதம் போதுமா என்றால், தினமும் மாலையில் அரை மணி நேரம் அம்மாவை எடுங்கள். கீரை ஆயும்போது, பூத் தொடுக்கும்போது. கை ஆடும், முகம் அதே இடத்தில் இருக்கும். பழக அதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.


உப்புக்காற்று எழுதியது:

நாகப்பட்டினத்திலிருந்து எழுதுகிறேன். வெள்ளை இழை என்கிறீர்களே, அது ஃபங்கஸ்தான். எங்கள் ஊரில் அது இல்லாத பழைய லென்ஸைப் பார்ப்பதே அபூர்வம்.

உறுதி செய்ய ஒரு வழி. அப்பர்ச்சரை எஃப்2-க்குத் திறந்து, இரவில் விளக்கை அணைத்துவிட்டு, பின்பக்கமிருந்து டார்ச்சைச் சாய்வாக அடித்து முன்பக்கம் பாருங்கள். தூசி புள்ளிப் புள்ளியாகத் தெரியும், அதை விட்டுவிடலாம். வேர் விட்டது மாதிரி கிளைகிளையாகப் போனால் ஃபங்கஸ். கண்ணாடி முழுக்கப் பால் படிந்தது மாதிரி இருந்தால் அது வேறு, உள்ளே எண்ணெய் ஆவியாகிப் படிந்தது.

ஓரத்தில் கொஞ்சம் இருந்தால் படத்தில் தெரியவே தெரியாது. ஜன்னலுக்கு எதிரே எடுத்தால் மட்டும் கறுப்பு சாம்பலாக வெளுக்கும். ஆனாலும் விட்டு வைக்கக் கூடாது. அது விடும் அமிலம் கண்ணாடியின் மேல்பூச்சை அரித்துவிடும். பிறகு ஃபங்கஸைத் துடைத்து எடுத்தாலும் தடம் நிற்கும்.

யாரிடம் கொடுக்கிறீர்கள் என்பதில் கவனம் வேண்டும் சகோதரி. நான் என் மாமாவின் 135 எம்எம் லென்ஸை ஒரு கடையில் கொடுத்தேன். ஒரே நாளில் பளபளவென்று திருப்பிக் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து ட்யூப்லைட்டுக்குக் கீழே பிடித்துப் பார்த்தேன். நல்ல பூச்சு இருக்கும் கண்ணாடியில் ட்யூப்லைட்டின் நிழல் (பிரதிபலிப்பு) ஊதாவும் பச்சையுமாக விழும். என் லென்ஸில் ஓரத்தில் ஊதா, நடுவில் ஒரு ரூபாய் அளவுக்கு வெறும் வெள்ளை. பூச்சோடு சேர்த்துத் தேய்த்து எடுத்திருக்கிறார்கள். அந்த லென்ஸ் இனி எனக்குத் திரும்பி வராது. அதனால் கொடுக்கும் முன் ட்யூப்லைட் நிழலை ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். என்ன போட்டுத் துடைப்பார் என்று கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கினால் லென்ஸைத் திருப்பி வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.

அப்புறம் அந்தத் தோல் உறை. ஞாபகத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள், லென்ஸை மட்டும் அதற்குள் திரும்ப வைக்காதீர்கள். தோல் ஈரத்தைப் பிடித்து வைக்கும். காற்றுப் புகாத டப்பா, சிலிக்கா ஜெல், உள்ளே ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர் ஒன்று. 40-லிருந்து 50 சதவீதத்துக்குள் நின்றால் போதும். அரிசியில் போட்டு வைக்கச் சொல்வார்கள், வேண்டாம். மாவுத்தூள் வளையத்துக்குள் இறங்கிவிடும்.


பழைய நிக்கான் எழுதியது:

இதைப் படித்துவிட்டு நிக்கான் டிஎஸ்எல்ஆர் வைத்திருப்பவர்கள் யாரும் பென்டாக்ஸ் லென்ஸ் வாங்க ஓடிவிடாதீர்கள். நிக்கானில் லென்ஸ் உட்காரும் வளையத்திலிருந்து சென்சார் வரைக்குமான தூரம் 46.5 மில்லிமீட்டர். பென்டாக்ஸைவிட ஒரு மில்லிமீட்டர் அதிகம். வெற்றுக் குழாய் போட இடமே இல்லை, தூரத்தில் இருப்பது ஃபோகஸ் ஆகாது. இந்த சோனி மாதிரி, உள்ளே கண்ணாடி இல்லாத மிர்ரர்லெஸ்ஸில்தான் இந்தச் சௌகரியம். நிக்கானின் பழைய லென்ஸிலும் 1977-இல் ஏஐ என்ற புது வகை லென்ஸ் வருவதற்கு முந்தியது என்றால் டி7200 மாதிரி கேமரா உடலில் அப்படியே மாட்டக் கூடாது. அப்பர்ச்சர் வளையம் இடித்து உடலில் இருக்கும் சின்ன நெம்பு உடைந்துபோகும்.


மன்னார்குடிக்காரி எழுதியது:

அய்யா, உங்கள் பதிலை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். புள்ளி விஷயம் வந்ததும் என்னை நிறுத்தச் சொல்லிவிட்டு, எழுந்து போய் எங்கள் கல்யாண ஆல்பங்களை எடுத்து வந்தார். பெரியக்கா கல்யாணத்தில் தாலி கட்டும் படம் நெட்டுக்குத்தாகத்தான் இருக்கிறது, தலை முதல் கால் வரை. நான் இத்தனை வருடம் அதைப் பார்த்திருக்கிறேன், யோசித்ததே இல்லை.

உப்புக்காற்று அண்ணா, டார்ச் அடித்துப் பார்த்தேன். கிளைகிளையாகத்தான் இருக்கிறது, முன் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு ஓரத்தில் மட்டும். தஞ்சாவூரில் ஒரு பெரியவரிடம் கொடுத்தேன். என்ன செய்வார் என்பதை நான் கேட்காமலே சொன்னார். நான்கு நாளில் தந்துவிட்டார். ட்யூப்லைட் நிழல் ஊதாவாகவே இருக்கிறது.

அடாப்டரும் வந்துவிட்டது. ஒரு சந்தேகம். வளைகாப்பில் அப்பா வைத்த அதே புள்ளியில், அதே எஃப்8-இல் எடுக்க முடியுமா? என்னிடம் கேமராவோடு வரும் குட்டி ஃப்ளாஷ் மட்டும்தான் இருக்கிறது.


சிவப்பு பல்பு எழுதியது:

முடியும். ஏ6400-இன் ஃப்ளாஷுக்கு ஐஎஸ்ஓ 100-இல் கைடு நம்பர் 6. ஐஎஸ்ஓ 1600-க்குப் போனால் நாலு மடங்கு, அதாவது 24. அப்பாவின் கணக்கு அப்படியே வந்துவிடுகிறது பாருங்கள். ஆனால் உங்கள் சென்சார் சின்னது. 3 மீட்டரில் அப்பாவுக்கு இரண்டு மீட்டர் அகலத்துக்கு மேல் விழுந்தது, உங்களுக்கு 1.4 மீட்டர்தான் விழும். உட்கார்ந்திருப்பவர் இரண்டு பேர் என்றால் தாராளம்.

ஒன்றைச் செய்துவிட்டு எடுங்கள். இந்த அடாப்டர்களை ஒரு மயிரிழை மெல்லியதாகவே செய்வார்கள். பத்தில் ஒரு பங்கு மில்லிமீட்டர் குறைந்தாலே 3 மீட்டர் என்று காட்டும் இடம் உண்மையில் 3.4 மீட்டராக இருக்கும். டேப்பைப் பிடித்து, சுவரில் செய்தித்தாளை ஒட்டி, வளையத்தைப் புள்ளியில் அசையாமல் வைத்து, எஃப்2-இல் நீங்கள் முன்னும் பின்னும் நகர்ந்து எழுத்து எங்கே தெளிகிறது என்று அளந்து பாருங்கள். எந்தக் காரணத்தைக் கொண்டும் புள்ளியை அழித்துவிட்டு வேறு இடத்தில் வைக்காதீர்கள்.


மன்னார்குடிக்காரி எழுதியது:

நேற்று வளைகாப்பு முடிந்தது. அளந்ததில் 3 மீட்டர் 30 சென்டிமீட்டர் வந்தது. அம்மாதான் டேப்பின் மறுமுனையைச் சுவரோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

பாதிப் படங்கள் ஆட்டோஃபோகஸ் லென்ஸில்தான். மீதியில் எஃப்2-இல் எடுத்தவை பத்துக்கு நாலு தேறியது. தங்கை கன்னத்தில் சந்தனம் காய்ந்து வெடித்திருப்பது வரை தெரிகிற ஒரு படம் இருக்கிறது, அது மேக்னிஃபையரில் பார்த்து எடுத்தது.

எல்லோரும் வளையல் போட்டு முடித்த பிறகு தங்கை அம்மாவைக் கூப்பிட்டு, பக்கத்தில் உட்கார வைத்து, கையை நீட்டினாள். அம்மா தயங்கினார். அவள் கையை எடுக்கவில்லை. எனக்கு ஃபோகஸ் செய்ய நேரமே இல்லை. வளையத்தைப் புள்ளிக்குக் கொண்டுவந்தேன், அப்பர்ச்சரை 8-க்குத் திருப்பினேன், ஒரு அடி பின்னால் போய் நின்று எடுத்தேன். இரண்டு பேரும் தெளிவாக விழுந்திருக்கிறார்கள்.